அத்தியாயம் 5: தொடர்வதா, விடுவதா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். அடிவாரத்தில் நிற்கும்போதே ஏறுபவருக்கு அது தெரியும். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்வார், வெயில் ஏறுமுன் கிளம்புவார், மூச்சு வாங்கினால் எங்கே உட்காரலாம் என்று பார்த்து வைப்பார். ‘ப்ளீச்’ அனிமேவின் முதல் ஓட்டம் 2004 முதல் 2012 வரை வந்தது. மொத்தம் 366 எபிசோடுகள். நாளுக்கு ஒன்று என்று பார்த்தால் ஓராண்டும் ஒரு நாளும் ஆகும். எங்கள் ஊரில் அதைத் தொடங்கிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தொடங்கியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. நூறைத் தாண்டுமுன் பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள். விட்டதாகவும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பதாகவும் சொல்ல மாட்டார்கள்.

இந்த அத்தியாயம் அப்படி நடுவழியில் நிற்பவர்களுக்கானது. அரைகுறையாகக் கிடக்கும் தொடர்களில் எதைத் தொடர்வது, எதை விடுவது, புதிதாக எதைத் தொடங்குவது என்று நீங்களே முடிவெடுக்கும் முறையை எட்டுப் படிகளில் தருகிறேன். நோட்டைத் தொடங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

## தேவையானவை

- ஒரு சிறிய நோட்டும் பேனாவும்.
- எபிசோடு எண்ணிக்கை பார்க்க மைஅனிமேலிஸ்ட் அல்லது அனிலிஸ்ட். இரண்டும் இலவசம்.
- நீங்கள் சந்தா கட்டியிருக்கும் ஓடிடி தளங்களின் பட்டியல்.

புதியவர்களுக்கு நான்கு சொற்கள். டப் என்றால் குரல் மாற்றியது. சப் என்றால் ஜப்பானியக் குரலும் கீழே எழுத்தும். ஆர்க் என்றால் நெடுந்தொடருக்குள் தொடங்கி முடியும் ஒரு கதைப்பகுதி. ஃபில்லர் என்றால் மூலக் காமிக்ஸான மாங்காவில் இல்லாமல், நேரத்தை நிரப்பச் சேர்த்த எபிசோடு.

## படி 1: உங்கள் வாரத்தை எண்ணுங்கள்

எந்தத் தொடர் நல்லது என்ற கேள்வி பிறகு வரட்டும். வாரத்துக்கு எத்தனை எபிசோடு உங்களால் பார்க்க முடியும்?

ஓர் எபிசோடு சுமார் 24 நிமிடம். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போய்வரும் கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. காலையில் தூக்கம், படிப்பு. மாலையில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு எபிசோடு. ஐந்து நாளுக்குப் பத்து. ஞாயிறு நான்கு. மொத்தம் 14. வீட்டு விசேஷம், உடம்பு அசதி என்று இரண்டைக் கழியுங்கள். மிச்சம் 12.

உங்கள் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இனி எடுக்கும் எல்லா முடிவும் இந்த எண்ணிலிருந்துதான்.

## படி 2: ஏறுமுன் நீளத்தைப் பாருங்கள்

தொடரின் மொத்த எபிசோடுகளை உங்கள் வார எண்ணால் வகுங்கள். வாரம் 12 என்பவருக்குக் கணக்கு இப்படி வரும்:

- ‘மடோகா மாஜிகா’ (2011), 12 எபிசோடு: ஒரு வாரம்.
- ‘ஃப்ரீரென்’ முதல் சீசன், 28 எபிசோடு: இரண்டரை வாரத்துக்குள்.
- ‘டெத் நோட்’, 37 எபிசோடு: மூன்று வாரம்.
- ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’, 64 எபிசோடு: ஐந்து வாரத்துக்குச் சற்று மேல்.
- ‘ப்ளீச்’ முதல் ஓட்டம், 366 எபிசோடு: ஏழு மாதம்.
- ‘நருட்டோ’ 220, ‘நருட்டோ ஷிப்புடென்’ 500, ஆக 720 எபிசோடு: 60 வாரம்.
- ‘ஒன் பீஸ்’, 1999-இல் தொடங்கி 1,100-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒன்றே முக்கால் ஆண்டுக்கும் மேல்.

நெடுந்தொடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘ஒன் பீஸ்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வாழ்நாள் துணை. ஆனால் அதைத் தொடங்கும் நாளில் வேறு பல தொடர்களைத் தள்ளி வைக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குறிப்பு: நெடுந்தொடரை ஆர்க் ஆர்க்காகப் பிரித்து எழுதுங்கள். ஒரு ஆர்க் முடிவதை ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து யோசித்துவிட்டு மேலே போகலாம்.

குறிப்பு: ஃபில்லர் எவை என்று முன்பே பார்த்துவிடுங்கள். முதல் ‘நருட்டோ’வில் 135-ஆம் எபிசோடுக்குப் பிறகு பெரும்பகுதி ஃபில்லர்தான். அங்கே சலித்துப்போய்த் தொடரையே விட்டவர்கள் உண்டு. அந்தப் பகுதியைத் தாண்டி ‘ஷிப்புடென்’ போயிருந்தால் தொடர்ந்திருப்பார்கள்.

## படி 3: மொழியைத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் ஊருக்கு இது முக்கியமான படி. திருத்தணி 1960 ஏப்ரலில்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். அனிமேவும் இப்போது இரண்டு மொழியிலும் வருகிறது. ‘ஜுஜுட்சு கைசென்’, ‘சோலோ லெவலிங்’ போன்றவற்றுக்கு க்ரஞ்சிரோல் தளம் தமிழ், தெலுங்கு டப் வெளியிட்டது. 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ படமும் இரண்டு மொழியிலும் ஓடியது.

வரிசையாக இதைச் செய்யுங்கள்:

1. நீங்கள் பார்க்கப்போகும் மொழியில் எல்லா சீசனும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சீசனுக்கு மட்டும் டப் இருந்து அடுத்ததற்கு இல்லாமல் போவதுண்டு. நடுவில் குரல் மாறினால் பாத்திரமே மாறியதுபோல் இருக்கும்.
2. ஒரே எபிசோடின் முதல் பத்து நிமிடத்தை டப்பிலும் சப்பிலும் பாருங்கள்.
3. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். யார் பேசுகிறார்கள், கோபமா பயமா என்று புரிந்தால் அந்த டப் உங்களுக்குச் சரி.
4. வீட்டில் சேர்ந்து பார்ப்பதானால் எல்லோருக்கும் புரியும் மொழியை எடுங்கள். பாட்டியும் தம்பியும் கூட இருக்கும்போது எழுத்தைத் துரத்தும் சப் வேலைக்கு ஆகாது.

ஒரு தொடர் பிடிக்கவில்லை என்று சொல்லுமுன், பிடிக்காதது கதையா குரலா என்று பாருங்கள். குரல்தான் என்றால் மொழியை மாற்றிப் பாருங்கள், தொடரை விட வேண்டாம்.

## படி 4: சோதனை அளவை முன்பே எழுதுங்கள்

ரசிகர்களிடம் மூன்று எபிசோடு விதி என்று ஒன்று உண்டு. மூன்று பார், பிடிக்காவிட்டால் விடு. ‘மடோகா மாஜிகா’ அந்த விதிக்கு வலுச் சேர்த்த தொடர். மந்திரப் பெண்களின் மென்மையான கதைபோலத் தொடங்கி, மூன்றாம் எபிசோடில் அதன் முகம் மாறும்.

ஆனால் மூன்று என்பது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. ‘ஃப்ரீரென்’ 2023 செப்டம்பர் 29 அன்று தொடங்கியபோது முதல் நான்கு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் ஒளிபரப்பினார்கள். அந்த நான்கும் சேர்ந்தால்தான் கதையின் நடை பிடிபடும். 24 எபிசோடு கொண்ட ‘ஸ்டைன்ஸ் கேட்’ முதல் பாதியில் மெதுவாக நகர்ந்து, பிறகு இறுகும். ‘ஓஷி நோ கோ’வின் முதல் எபிசோடே 90 நிமிடம், அது மூன்று எபிசோடுக்கும் மேல்.

நான் பின்பற்றும் அளவு இது:

- 12, 13 எபிசோடு: 3 பார்த்து முடிவு.
- 24 முதல் 28 வரை: 5 பார்த்து முடிவு.
- 30 முதல் 70 வரை: 7 பார்த்து முடிவு.
- நூறுக்கு மேல்: முதல் ஆர்க் முடியும் வரை, அதிகபட்சம் 20.

முதல் எபிசோடைப் போடுமுன் இந்த எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள். பார்க்கத் தொடங்கிய பிறகு எழுதினால் எண் நகர்ந்துகொண்டே போகும். “அடுத்ததுல சூடு பிடிக்கும்” என்று நண்பர் சொல்லச் சொல்ல, மூன்று முப்பதாகும்.

விதிவிலக்கு: அருவருப்பு, பயம், மனவலி தரும் காட்சிக்குச் சோதனை அளவு கிடையாது. அந்த நிமிடமே நிறுத்தலாம்.

## படி 5: நான்கு கேள்விகள்

சோதனை அளவு முடிந்த அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம். ஓர் இரவு தூங்கி எழுந்து, மறுநாள் காலை இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. யாருடைய பெயராவது நினைவிருக்கிறதா? ‘அந்தச் சிவப்பு முடிப் பையன்’ என்றுதான் வருகிறதென்றால் அவன் இன்னும் உங்கள் மனதுக்குள் வரவில்லை.
2. ஒரு காட்சியாவது தானாக நினைவுக்கு வந்ததா? பல் துலக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ வந்திருந்தால் நல்ல அறிகுறி.
3. பார்க்கும்போது எத்தனை முறை வேறு ஆப்பைத் திறந்தீர்கள்? எபிசோடுக்கு இரண்டு முறைக்கு மேல் என்றால் கண் திரையில் இருந்திருக்கிறது, மனம் இல்லை.
4. உறுத்துவது தடுமாற்றமா, இயல்பா?

நான்காவதுதான் உயிர்க் கேள்வி. உலகத்தை விளக்க நேரம் எடுப்பது, பாத்திரங்கள் ஒவ்வொருவராக அறிமுகமாவது இவையெல்லாம் தொடக்கத் தடுமாற்றம்; மாறிவிடும். எதற்கெடுத்தாலும் கத்தும் நாயகன், பெண்களை உடலாக மட்டும் காட்டும் கோணம், ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து எபிசோடு இழுவை இவை அந்தத் தொடரின் இயல்பு. நூறாவது எபிசோடிலும் இருக்கும். தடுமாற்றத்தைப் பொறுக்கலாம். இயல்பு பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டுக்கும் ‘ஆம்’, நான்காவதற்குத் ‘தடுமாற்றம்’ என்றால் தொடருங்கள். முதல் இரண்டுக்கும் ‘இல்லை’, நான்காவதற்கு ‘இயல்பு’ என்றால் விடுங்கள். கலந்து வந்தால் நிறுத்தி வையுங்கள்.

## படி 6: நான்கு பட்டியல்களில் போடுங்கள்

நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள்.

- பார்க்கிறேன்: மூன்றுக்கு மேல் கூடாது. ஒரு நெடுந்தொடர், ஒரு குறுந்தொடர், வாரவாரம் புதிதாக வருவது ஒன்று.
- நிறுத்தி வைத்தேன்: தேதியும் எபிசோடு எண்ணும் கட்டாயம்.
- விட்டேன்: காரணத்தோடு.
- காத்திருக்கிறது: பத்துக்கு மேல் போனால் ஒன்றை அடித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதலாம்.

‘விட்டேன்’ என்று எழுதத்தான் மனம் வராது. நகரியில் இருக்கும் என் சித்தி மகன் ஒருநாள் போன் செய்தான்.

“அண்ணா, நீ சொன்னேன்னு முப்பது எபிசோடு பார்த்துட்டேன். இன்னும் பிடிக்கல. இப்ப விட்டா அத்தனையும் வேஸ்ட் இல்லையா?”

“முப்பது போனது போனதுடா. முப்பத்தொண்ணாவதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கா, அதை மட்டும் சொல்லு.”

“இல்லண்ணா.”

“அப்ப விட்டுடு.”

பார்த்து முடித்த நேரம் திரும்பி வராது. இனிச் செலவிடப்போகும் நேரத்துக்குத்தான் நீங்கள் சொந்தக்காரர்.

## படி 7: நல்ல இடத்தில் இறங்குங்கள், ஒரு வரி எழுதுங்கள்

விடுவதென்று முடிவானால் எபிசோடின் நடுவில் விடாதீர்கள். ஆர்க் முடிவிலோ சீசன் முடிவிலோ இறங்குங்கள். ‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் சீசனை (2015) மேட்ஹவுஸ் தயாரித்தது. இரண்டாவது (2019) ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனது. சண்டைக் காட்சிகளின் ஓட்டம் மாறிவிட்டதென்று பலர் முதல் சீசனோடு நின்றார்கள். ‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ இரண்டாம் சீசன் (2021) 11 எபிசோடுக்குள் மாங்காவின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டது. முதல் சீசனை மட்டும் பார்த்து நிறைவாக இருப்பவர்கள் உண்டு. மீதியை மாங்காவில் படித்தவர்களும் உண்டு.

ஆகவே அடுத்த சீசனைத் தொடங்குமுன், தயாரிப்பு நிறுவனமும் இயக்குநரும் அவர்கள்தானா என்று பாருங்கள். மாறியிருந்தால் அது புதுத் தொடர். சோதனை அளவை மறுபடி எழுதுங்கள்.

பிறகு, விட்ட காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ‘போர்’ என்று எழுதினால் பயனில்லை. ‘நாயகன் தோற்பதே இல்லை, அதனால் எனக்குப் பயமே வரவில்லை’ என்று எழுதுங்கள். பத்து வரிகள் சேர்ந்ததும் திரும்பிப் படித்தால் உங்கள் ரசனை உங்களுக்கே தெரியும். அடுத்த தொடரைத் தேர்ந்தெடுக்க எந்த மதிப்பெண்ணைவிடவும் அந்தப் பத்து வரி உதவும்.

## படி 8: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் துடையுங்கள்

ஜப்பானில் புதுத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு பருவமாக வருகின்றன. நம் ஊர் நாட்காட்டியோடு அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

- ஜனவரி: பொங்கல் விடுமுறை உண்டு. புதுத் தொடர் ஒன்று தொடங்கலாம்.
- ஏப்ரல்: பொதுத்தேர்வு, செமஸ்டர் முடியும் வரை எதையும் தொடங்காதீர்கள். முடிந்ததும் மொத்தமாகப் பார்க்கலாம்.
- ஜூலை: ஆடிக் கிருத்திகைக்கு வீடு நிறைய உறவினர் வருவார்கள், ஊர் நிறையக் காவடி வரும். அந்த வாரம் பட்டியல் தூங்கட்டும்.
- அக்டோபர்: காலாண்டு விடுமுறை, தீபாவளி. ஒரு குறுந்தொடருக்கு ஏற்ற காலம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முந்தைய ஞாயிறன்று ‘நிறுத்தி வைத்தேன்’ பக்கத்தைத் திறங்கள். ஆறு மாதம் தாண்டியவற்றை ஒன்று உடனே தொடங்குங்கள், இல்லையென்றால் ‘விட்டேன்’ பக்கத்துக்கு மாற்றுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

வரிசை தப்புவது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ படத்துக்கு முந்தைய சீசன்களைப் பார்க்காமல் போனவர்களுக்குப் பாதி புரியவில்லை. தியேட்டருக்குப் போகுமுன் வரிசையைப் பாருங்கள். அதே தொடரில் ‘முகென் ட்ரெயின்’ படமாகவும் 7 எபிசோடாகவும் இருக்கிறது. ஏதாவது ஒன்று போதும்.

மதிப்பெண்ணை மட்டும் நம்புவது. பிந்தைய சீசன்களின் மதிப்பெண் பெரும்பாலும் உயர்வாக இருக்கும். பிடிக்காதவர்கள் முன்பே இறங்கிவிட்டதால், மிச்சம் இருக்கும் ரசிகர்கள் போட்டது அது. முதல் சீசனின் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவது. வேகத்தைக் கூட்டினால்தான் பார்க்க முடிகிறது என்றால் விடும் நேரம் வந்துவிட்டது.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காகத் தொடர்வது. வகுப்பில் பேச்சுக்கு வேண்டுமானால் கதைச் சுருக்கம் போதும்.

நிரந்தரமாக மூடிவிடுவது. பதினைந்து வயதில் விட்ட தொடர் இருபத்தைந்தில் பிடிக்கலாம். ‘விட்டேன்’ பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள்.

## பாதுகாப்பு

கண்ணும் மூளையும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போகிமான்’ எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. வலிப்பு, மயக்கம், தலைசுற்றல் என்று சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே மின்னல் காட்சி நிறைந்த தொடர்களைக் காட்டுங்கள். ஒவ்வொரு எபிசோடின் முடிவுப் பாட்டிலும் தலையைத் தூக்கி 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள்.

வயது. கார்ட்டூன்தானே என்று குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ என்ற குறியீடு தொடரின் பக்கத்திலேயே இருக்கும். குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு, உங்களுடையதற்குப் பின் எண் வையுங்கள்.

மனம். ‘எ சைலன்ட் வாய்ஸ்’ (2016) போன்ற அருமையான படங்களிலும் கொடுமைப்படுத்தல், தற்கொலை எண்ணம் வருகின்றன. பார்த்தபின் மனம் கனத்துப் போனால் யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

திருட்டுத் தளங்கள். ‘எல்லாம் இலவசம்’ என்று வரும் ஆப் கோப்புகளைப் போனில் நிறுவாதீர்கள். ஓடிபியோ யுபிஐ பின்னோ கேட்டால் அது அனிமே ஆப் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முறையான வழியில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019-இல் ‘வெதரிங் வித் யூ’ படத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமென்று ரசிகர்கள் மனுப் போட்டார்கள். அந்த அக்டோபரில் அது இங்கே திரைக்கு வந்தது. ஆள் இருக்கிறார்கள் என்று கணக்கில் தெரிந்தால்தான் படமும் வரும், தமிழ்க் குரலும் வரும்.

சந்தா. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தச் செய்தி வரும் நாளில் ‘பார்க்கிறேன்’ பக்கத்தைப் பாருங்கள். அந்தத் தளத்தில் எதுவும் இல்லையென்றால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள்.

ரயில். எபிசோடுகளை அதிகாரப்பூர்வ ஆப்பில் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பார்க்காதீர்கள்; போனும் போகும், காலும் வழுக்கும். தண்டவாளம் பக்கம் வந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள்.

தூக்கம். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை இன்றே அணைத்து வையுங்கள். இரவின் கடைசி எபிசோடு எது என்பதை மாலையிலேயே முடிவு செய்யுங்கள்.

## செய்து பாருங்கள்

1. அரைகுறையாகக் கிடக்கும் தொடர்கள் எல்லாவற்றையும் இன்றே எழுதுங்கள்.
2. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மீதி எபிசோடு எண்ணிக்கையைப் போட்டு வார எண்ணால் வகுங்கள்.
3. நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.
4. மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை உரிய பக்கங்களுக்கு மாற்றுங்கள்.

ஆண்டின் கடைசி இரவில் எங்கள் மலையில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர் வழக்கு. அன்று மாலை கிளம்புமுன் நான் நோட்டை எடுத்து அந்த ஆண்டு முடித்தவற்றை எண்ணுவேன். விட்டவற்றின் பட்டியல் எப்போதும் அதைவிட நீளமாக இருக்கும். அவற்றை விட்டதால்தான் இவற்றைக் கடைசி எபிசோடு வரை பார்க்க எனக்கு நாள் கிடைத்தது. உங்கள் நோட்டிலும் அந்த நீளமான பக்கத்துக்குப் பயப்படாதீர்கள்.